கிராக் ஃபில்லரா, சீலன்ட்டா? இடம் பார்த்து அடைப்பது எப்படி

சுவர் விரிசலை எதை வைத்து அடைப்பது என்பதை அதன் அகலம் முடிவு செய்வதில்லை. அந்த இடம் அசைகிறதா என்பதுதான் கேள்வி.

கிராக் ஃபில்லர் காய்ந்தால் இறுகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், பெயின்ட் அடிக்கலாம். ஆனால் துளியும் வளையாது. சீலன்ட் காய்ந்த பிறகும் இழுபடும். அதனால் பூச்சில் விழும் மயிரிழைக் கீறலுக்கும் ஆணித் துளைக்கும் ஃபில்லர். ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் கோட்டுக்கு சீலன்ட். அலுமினியமும் சிமென்ட்டும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. அங்கே ஃபில்லர் வைத்தால் ஓரத்தில் மறுபடி பிளந்துகொள்ளும்.

சந்தேகமா? விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, சில வாரம் கவனியுங்கள். கோட்டைத் தாண்டினால் அது இன்னும் வளர்கிறது. அகலமாகிக்கொண்டே போனால் எதையும் பூசாமல் முதலில் பொறியாளரிடம் காட்டுங்கள்.

ஃபில்லர் வேலை சுலபம். விரிசலை ‘வி’ வடிவில் கீறி, தூசி தட்டி, தகட்டால் அழுத்தி நிரப்புங்கள். ஆழமாக இருந்தால் இரண்டு தடவையாக.

சீலன்ட்டில்தான் பொறுமை வேண்டும். இடுக்கைச் சுத்தம் செய்து காயவிட்டதும், சீலன்ட்டைப் பிதுக்கும் கன்னை நேராக எடுக்காதீர்கள். முதலில் பேக்கர் ராட் என்னும் நுரைக்கயிற்றை உள்ளே அழுத்துங்கள். இடுக்கு 12 மி.மீ. என்றால் கயிறு 15 மி.மீ. இருக்கட்டும், அப்போதுதான் நழுவாமல் நிற்கும். அதன் மேல் சீலன்ட் 6 மி.மீ. ஆழம் போதும். கயிறு எதற்கு? சீலன்ட் இரண்டு பக்கச் சுவரை மட்டும்தான் பிடிக்க வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் நடுப்பகுதி நீள வழியின்றிக் கிழிந்துவிடும். கயிறு வைக்க ஆழம் இல்லையா, அடியில் ஒட்டாத பிளாஸ்டிக் டேப் ஒட்டுங்கள். அப்புறம் இருபுறமும் மாஸ்கிங் டேப், சீலன்ட், ஒரே இழுப்பில் வழித்தல். மேலே ஆடை கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள்.

வெளிச்சுவருக்கு என் தேர்வு பாலியூரித்தேன் சீலன்ட். அதன் மேல் பெயின்ட் நிற்கும், சிலிகானில் நிற்காது. ஈரம் படும் இடத்துக்கு சிலிகான் சரி. ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகையை உலோகம், மார்பிள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அங்கே அந்த வாடை இல்லாத ‘நியூட்ரல் க்யூர்’ வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: பழைய சிலிகான் மேலேயே புதியதை அடிக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. காய்ந்த சிலிகான் மேல் எதுவும் சரியாக ஒட்டாது. பிளேடால் முழுக்கச் சுரண்டி, மிச்சப் படலத்தையும் சிலிகான் ரிமூவரால் துடைத்த பிறகே அடியுங்கள்.