டர்பனிலிருந்து உலக ஜூனியர் பேட்மிண்டனுக்கு: புறப்படும் முன்பே நடக்கும் தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் பள்ளி விட்டதும் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்க ஜூனியர் அணியில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. கிடைத்த இடம் ஒரு காகிதத்தால் பறிபோகக் கூடாது.

முதலில் வயது. உலக ஜூனியர் போட்டி 19 வயதுக்கு உட்பட்டோருக்கானது என்றதும், "போட்டியன்று பையனுக்கு 18தானே" என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு பிறந்த நாளை வைத்து அல்ல, பிறந்த ஆண்டை வைத்து. 2025 அக்டோபரில் இந்தியாவின் குவஹாத்தியில் நடந்த போட்டியில் 2007 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களே ஆட முடிந்தது. 2006 டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு அன்று 18 வயதுதான், ஆனாலும் இடமில்லை. 2022-இல் ஸ்பெயினின் சாந்தாந்தேரில் வெள்ளி வென்ற சென்னை வீரர் சங்கர் முத்துசாமி பிறந்தது 2004 ஜனவரி 13. இரண்டு வாரம் முன்னால் பிறந்திருந்தால் அந்த ஆண்டு அவர் ஆடியிருக்கவே முடியாது.

அதிகம் சறுக்குவது பெற்றோர் சம்மதப் பத்திரத்தில். தென்னாப்பிரிக்காவிலிருந்து 18 வயது நிரம்பாத பிள்ளை பயிற்சியாளருடன் வெளியே போக, பெற்றோர் சம்மதம் உறுதிமொழிப் பத்திரமாக வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, முத்திரைக்கு மட்டும் காவல் நிலையம் போகிறார்கள். அது செல்லாது, உறுதிமொழி வாங்கும் அதிகாரியின் கண்முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். அப்பா கேப்டவுனில், அம்மா டர்பனில் என்றால் ஆளுக்கொரு பத்திரமாகவே எழுதிவிடுங்கள். ஒருவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ், பொறுப்பு ஒருவருக்கு மட்டும் என்றால் நீதிமன்ற ஆணை. கூடவே தாய் தந்தை இருவர் விவரமும் அச்சான முழுப் பிறப்புச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் உள்துறை அலுவலகத்திலிருந்து வர மாதக்கணக்கில்கூட ஆகலாம். ஆகவே அணியில் பெயர் வரட்டும் என்று காத்திராமல், பிள்ளை தேர்வுப் போட்டிக்குப் போகும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 16 வயதுக்குள் எடுத்த பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுகள்தான் செல்லும் என்பதையும் பாருங்கள்.

ஸ்பெயின் போன்ற ஷெங்கன் நாடு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) என்றால், விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன் கொடுத்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

ஆப்பிரிக்காவுக்குள் போவதை நம்மவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். உகாண்டா போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அங்கே நுழையவும் வேண்டும், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். முந்தின வாரம் போட்டுக்கொண்டு பயனில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்று மெல்லியது, ஷட்டில் பறக்கும். அதனால் அங்கே சிறிய வேக எண் கொண்ட மெதுவான ஷட்டிலை எடுப்பார்கள். எண் கூடக் கூட வேகம் கூடும். கடைசி இரண்டு வார முகாமை அந்த உயரத்தில் வைத்துவிட்டு நேரே குவஹாத்தி போன்ற தாழ்வான ஊரில் இறங்கினால், பின்கோட்டுக்குப் போக வேண்டிய கிளியர் (உயரத் தூக்கி அடிக்கும் அடி) நடுக்களத்தில் விழும், எதிராளி அடித்து நொறுக்குவார். டர்பன் கடலோரம் நமக்கு இயற்கை தந்த வசதி. கடைசி இரண்டு வாரம் இங்கேயே பழக வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஷட்டில் சரியா என்று பார்ப்பது எளிது. பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக மேல்நோக்கி அடியுங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் வேகம் சரி. காசை மிச்சப்படுத்த நைலான் ஷட்டிலில் பழக்கி, போட்டியில் இறகு ஷட்டிலை எதிர்கொள்ள விடுவது பெரும் பிழை. இறகு ஷட்டில் கிளம்பும்போது வேகமாகப் போய்ச் சட்டென்று தளரும். வலையோர ஆட்டம் முழுக்கவே மாறிவிடும்.

உணவைக் கடைசியில் யோசிக்கிறார்கள். உலக ஜூனியர் போட்டி 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் செப்டம்பர் கடைசி, அக்டோபரில்தான் நடந்தது, அதாவது புரட்டாசி. விரதத்தை விடச் சொல்லிப் பிள்ளையை நெருக்க வேண்டாம், திட்டம் போட்டால் போதும். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு கப் வெந்த பருப்பில் கிடைப்பது சுமார் 18 கிராம். மீதியைத் தயிர், பால், கடலை, சோயாவில் தேட வேண்டும். விடுதி பதிவாகும் முன்பே அணி மேலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்தில் கவனம். சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை பலவற்றில் மூக்கடைப்பை நீக்கும் சூடோஎபெட்ரின் என்ற மருந்து உண்டு. போட்டி நாட்களில் சிறுநீரில் அது அளவு மீறினால் ஊக்கமருந்துக் குற்றம். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சல்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமையும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. மாதிரி எடுக்க அழைத்தால் சிறுவர்களுடன் பெரியவர் ஒருவர் போகலாம். அது யார் என்று ஊரிலேயே முடிவு செய்து, பிள்ளை எடுக்கும் மருந்துகளின் பட்டியலை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.