மூடவா, நிரப்பவா? புறப்பரப்பும் கன அளவும் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரச் சிற்றூரில், மாலை வேளைகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அளவியல் பாடம் முடிந்து தேர்வு வைத்தால், விடைத்தாள்களில் ஆண்டுதோறும் ஒரே பிழையைப் பார்க்கிறேன். தொட்டிக்கு வர்ணம் பூச எவ்வளவு பரப்பு என்று கேட்டால், அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதற்குரிய கணக்கைப் பிள்ளை அழகாகப் போட்டு வைத்திருக்கும். பெருக்கலில் குற்றம் இருக்காது, சூத்திரமும் சரியாகவே நினைவில் இருக்கும். எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்பதுதான் பிடிபட்டிருக்காது. இந்தக் குழப்பத்தின் பெரும்பங்கு கற்பிக்கும் நம்மிடமிருந்தே தொடங்குகிறது என்பது என் முடிவு.

முதல் தவறு, இரண்டையும் ஒரே நாளில் கரும்பலகையில் அருகருகே எழுதிவிடுவது. கனச்செவ்வகத்தை வரைந்து, நீளம், அகலம், உயரம் என்று மூன்று எழுத்துகளைக் குறித்து, இடப்பக்கம் புறப்பரப்பு, வலப்பக்கம் கன அளவு என்று எழுதும்போது, பிள்ளையின் கண்ணுக்கு அவை அதே மூன்று எழுத்துகளின் இரண்டு கோர்வைகளாக மட்டுமே தெரிகின்றன. சூத்திரத்துக்கு முன்பே ஒரு கேள்வி பழக வேண்டும்: இந்தப் பொருளை மூடப் போகிறோமா, நிரப்பப் போகிறோமா? ஒரு வாரம் முழுவதும் எண்ணே இல்லாமல் இந்தக் கேள்வியை மட்டும் கேட்டாலும் நேரம் வீணாகாது. வலைக் கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, படகின் டீசல் தொட்டி, கருப்பட்டியைச் சுற்றும் ஓலை, ஊருணியில் தேங்கும் மழைநீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பிள்ளைகளே "இது மூடுறது, இது நிரப்புறது" என்று பிரித்துவிடுவார்கள். அதன் பிறகு ஓர் அட்டைப் பெட்டியை விளிம்போரம் வெட்டி விரித்துக் காட்டினால், ஆறு செவ்வகங்களும் தரையில் கிடக்கும். புறப்பரப்புச் சூத்திரத்தை நாம் சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே பொருள் ஒருசேரக் கேட்கும் இடம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு, பாத்தியிலிருந்து வாரி வரப்போரம் குவித்த உப்பு எப்படி நிற்கும் என்பது தெரியும். கூம்பு வடிவிலான அத்தகைய குவியல் ஒன்றின் அடி ஆரம் 2 மீட்டர், நடு உயரம் 1.5 மீட்டர், சரிவின் நீளமான சாயுயரம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழைக்கு முன் அதன்மேல் தார்ப்பாய் போட வேண்டுமானால் நமக்கு வேண்டியது வளைபரப்பு. அது பை × ஆரம் × சாயுயரம், அதாவது ஏறத்தாழ 15.7 சதுர மீட்டர். குவியலில் உள்ள உப்பு எவ்வளவு என்றால் வேண்டியது கன அளவு. அது பை × ஆரத்தின் வர்க்கம் × செங்குத்து உயரம் என்பதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 6.3 கன மீட்டர். தார்ப்பாய் சரிவின்மேல் கிடப்பதால் அதற்குச் சாயுயரம் வேண்டும். உப்பு உள்ளே நிமிர்ந்து நிற்பதால் அதற்குச் செங்குத்து உயரம் வேண்டும். இதை இப்படிச் சொல்லாமல், இரண்டு உயரங்களுக்கும் இரண்டு எழுத்துகளைக் கொடுத்து மனப்பாடம் செய்ய விட்டால், சாயுயரத்தையே கன அளவிலும் போட்டு 10.5 கன மீட்டர் என்று எழுதுவார்கள். அடியில் தரை இருப்பதால் அங்கே பாய் தேவையில்லை என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். வளைபரப்புக்கும் மொத்தப் புறப்பரப்புக்கும் உள்ள வேறுபாடு அதிலேயே தெளிந்துவிடும்.

அளக்கச் சொல்லும்போதும் ஒரு தவறு நேர்கிறது. குவியலின் நடு உயரத்தை யாரும் நாடாவால் நேராக அளக்க முடியாது என்பதை மறந்து, அதை நாமே கேள்வியில் கொடுத்துவிடுகிறோம். கடற்கரையில் உலர்ந்த மணலைக் குவித்து, அடியைச் சுற்றிக் கயிறு போட்டு, அந்தச் சுற்றளவிலிருந்து ஆரத்தைக் கண்டு, சரிவை நாடாவால் அளந்து, பிதாகரஸ் தேற்றத்தால் உயரத்தை வருவிக்கச் சொல்ல வேண்டும். மேற்சொன்ன குவியலில் 6.25 இலிருந்து 4 ஐக் கழித்தால் 2.25, அதன் வர்க்கமூலம் 1.5. சாயுயரம் கையில் கிடைப்பது, செங்குத்து உயரம் கணக்கில் கிடைப்பது என்று ஒரு முறை உணர்ந்த பிள்ளை பிறகு இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

கூம்பின் மூன்றில் ஒரு பங்கைச் செய்து காட்டும்போது நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். 14 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டக் காகிதத்தைச் சுருட்டிக் கூம்பாக்கி, அதே அடியுள்ள 14 செ.மீ. உயர உருளை ஒன்றைச் செய்து, மணலை ஊற்றச் சொன்னேன். மூன்று கூம்பு மணலும் போன பிறகு ஒரு மாணவி உருளைக்குள் எட்டிப் பார்த்து, "டீச்சர், இன்னும் நிறையலையே" என்றாள். மணல் சிந்தியிருக்கும் என்று சொல்லிப் பாடத்தை நடத்திவிட்டேன். இரவில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. சுருட்டிய காகிதத்தின் 14 செ.மீ. என்பது கூம்பின் சாயுயரம். அதன் உண்மையான உயரம் 12.1 செ.மீ. மட்டுமே. ஆகவே உருளை நிறைய ஏறத்தாழ மூன்றரைக் கூம்பு மணல் வேண்டும். அவள் கண்டது சரி. மறுநாள் அந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்லி, உருளையை 12.1 செ.மீ. உயரத்துக்கு வெட்டி மறுபடி ஊற்றச் செய்தேன், மூன்றாவது கூம்பில் விளிம்பு தட்டியது. செயல்முறை காட்டுவோர் உருளையின் உயரத்தைக் கூம்பின் நடு உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே வகுப்புக்குள் போக வேண்டும். மணலும் ஈரமின்றி உலர்ந்திருக்க வேண்டும். ஈர மணல் நடுவில் இடைவெளி விட்டு அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, பெட்டிக்குச் சுவர் இருக்கிறது என்பதை மறப்பது. மீனும் நண்டும் ஏற்றி அனுப்பும் தெர்மாகோல் பெட்டி இங்கே எல்லா வீட்டிலும் ஒன்று கிடக்கும். வெளிப்புறம் 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், மூடியோடு 40 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளியளவைப் பெருக்கினால் 1,08,000 கன செ.மீ., அதாவது 108 லிட்டர். சுவரும் அடியும் மூடியும் 3 செ.மீ. கனம் என்றால், உள்ளளவு 54, 39, 34. கன அளவு 71,604 கன செ.மீ. மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தெர்மாகோலாகவே போய்விடுகிறது. ஒவ்வோர் அளவிலும் கனத்தை ஒரு முறை மட்டும் கழித்து 57, 42, 37 என்று எழுதும் பிள்ளைகள் பலர். பெட்டியை முன்னால் வைத்து இரு பக்கச் சுவரையும் தொட்டுக் காட்டச் சொன்னால் அது திருந்துகிறது.

ஆரத்துக்கும் விட்டத்துக்கும் இடையிலான பிழையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நாடாவை வைத்தால் கிடைப்பது விட்டம். சூத்திரம் கேட்பது ஆரம். 1 மீட்டர் விட்டமும் 1.4 மீட்டர் உயரமும் உள்ள உருளைத் தொட்டி 1,100 லிட்டர் பிடிக்கும். விட்டத்தையே ஆரமாகப் போட்டால் 4,400 லிட்டர் வரும். வீட்டு மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியின் உருவத்தை மனத்தில் வைத்து விடையைச் சரிபார்க்கப் பழக்கினால், இந்தப் பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

அலகுகளில் நேரும் பிழைக்குக் காரணம், ஒரு கன மீட்டரை யாரும் கண்ணால் பார்க்காததுதான். மீட்டருக்கு 100 செ.மீ. என்பதால் கன மீட்டருக்கும் 100 கன செ.மீ. என்று எழுதுகிறார்கள். ஒரு மீட்டர் நீள மூங்கில் குச்சிகள் பன்னிரண்டை வலைக் கயிற்றால் கட்டி ஒரு கனச்சதுரச் சட்டம் செய்து வகுப்பில் நிறுத்துங்கள். அதன் ஒரு முகத்தில் 100 முறை 100, அதாவது 10,000 சதுர செ.மீ. இருப்பதையும், அப்படிப்பட்ட அடுக்குகள் 100 உள்ளே இருப்பதால் மொத்தம் 10,00,000 கன செ.மீ. ஆவதையும் அந்தச் சட்டத்தைச் சுற்றி நடந்தபடியே எண்ணலாம். அதில் 1,000 லிட்டர் பிடிக்கும். ஒரு குடம் 15 லிட்டர் என்று கொண்டால் 66 குடங்களுக்கு மேல். தண்ணீரைக் குடக் கணக்கில் பிடித்து வைக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த எண் மறப்பதில்லை.

கன அளவு மாறாவிட்டால் புறப்பரப்பும் மாறாது என்ற எண்ணம் இவை எல்லாவற்றையும் விட ஆழமானது. பெரும்பாலும் இதை நாம் பேசுவதே இல்லை. 30 செ.மீ. பக்கமுள்ள ஐஸ் கட்டியின் புறப்பரப்பு 5,400 சதுர செ.மீ. அதை 10 செ.மீ. கட்டிகளாக வெட்டினால் 27 கட்டிகள் கிடைக்கும். ஐஸ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் புறப்பரப்பு 16,200 சதுர செ.மீ., மூன்று மடங்கு. உடைத்த ஐஸ் மீனை விரைவில் குளிர்விப்பதும், விரைவில் உருகிப் போவதும் இதனால்தான். உப்பளத்தில் இதையே விரிந்த நீரில் காணலாம். 10 கன மீட்டர் கடல்நீரை 10 மீட்டருக்கு 10 மீட்டர் பாத்தியில் 10 செ.மீ. ஆழத்தில் நிறுத்தினால் வெயிலுக்கும் காற்றுக்கும் 100 சதுர மீட்டர் கிடைக்கிறது. அதே நீரை 2 மீட்டருக்கு 2 மீட்டர் குழியில் 2.5 மீட்டர் ஆழத்துக்கு நிறுத்தினால் 4 சதுர மீட்டர் மட்டுமே. நெத்திலியை முழுதாகவே காயப்போடுகிறோம். கட்டாவையும் சீலாவையும் கீறி விரித்து உப்பிட்டுக் காயப்போடுகிறோம். ஏன் என்று கேட்டால், மீன் உலர்த்தும் வீட்டுப் பிள்ளைகள் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கனச்சதுரங்களை ஒட்டினால் புறப்பரப்பு 12 முகங்கள் அல்ல, 10 முகங்கள்தான் என்ற பாடப்புத்தகக் கணக்கும் இதன் மறுபக்கமே. ஒட்டிய இரண்டு முகங்களைக் காற்று தொடாது.

கோளத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. அதைப் பெட்டிபோல விரித்துக் காட்ட முடியாது. அப்படி விரியும் என்ற எண்ணத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டி, அந்த வட்டத்தை நான்கு முறை காகிதத்தில் வரைந்து, உரித்த தோலைச் சிறு துண்டுகளாக்கி அடுக்கினால், நான்கு வட்டங்களும் ஏறத்தாழ நிறையும். அரைக்கோளத்துக்கு வெட்டிய முகத்தையும் சேர்த்தால் மூன்று வட்டங்கள், சேர்க்காவிட்டால் இரண்டு.

கடைசியாக, நாம் வைக்கும் தேர்வு. "மொத்தப் புறப்பரப்பு காண்க" என்று கேள்வியிலேயே பெயரைச் சொல்லிவிட்டால், பிள்ளை யோசிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. உட்புறம் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள, மேலே திறந்த சிமெண்டுத் தொட்டிக்கு உள்ளே பூச்சுப் பூச எவ்வளவு பரப்பு, தொட்டி நிறைய எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். நான்கு சுவரும் அடியும் சேர்ந்து 10 சதுர மீட்டர், தண்ணீர் 3,000 லிட்டர். 13 சதுர மீட்டர் என்று எழுதியவர் இல்லாத மூடிக்கும் பூசியிருக்கிறார். விடைத்தாளில் ஐந்து முகங்களையும் தனித்தனியே வரைந்து அளவு குறித்திருந்தால், பிறகு பெருக்கலில் சறுக்கியிருந்தாலும் அந்தப் படத்துக்கு நான் பாதி மதிப்பெண் போடுகிறேன்.