ஆர்டி 350 வாங்கப் போகிறீர்களா? முதலில் அந்த 39 எச்பி கணக்கை விடுங்கள்

பழைய யமஹா ஆர்டி 350 விற்பனைக்கு என்று யாராவது சொன்னால், கூடவே "39 எச்பி" என்ற எண்ணும் வந்துவிடும். எண் பொய்யில்லை. ஆனால் அது 1973-ல் யமஹா உலகச் சந்தைக்கு விட்ட வண்டியின் எண். நம் ஊர்ச் சாலையில் ஓடியது, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இங்கே தயாரித்த ராஜ்தூத் 350. இரண்டுமே காற்றால் குளிரும் 347 சிசி இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் விட்டம் (போர்) 64 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 54 மி.மீ., ஆறு கியர். அதுவரை ஒன்றுதான், அப்புறம் வழி பிரிகிறது. யமஹாவின் 39 எச்பி 7,500 ஆர்பிஎம்மில் கிடைத்தது. இங்கே முதலில் வந்த எச்டி, அதாவது 'ஹை டார்க்' (அதிக இழுவிசை) வண்டிக்கு 30.5. பின்னால் வந்த எல்டி, அதாவது 'லோ டார்க்' வண்டிக்கு 27. மைலேஜை நினைத்து மூச்சைக் கொஞ்சம் இறுக்கி விற்ற இன்ஜின் இது. இதை வாங்கிவிட்டு "39 எங்கே?" என்று மெக்கானிக்கோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1980-ல் தண்ணீரால் குளிரும் ஆர்டி 350 எல்சி வந்தது, 47 எச்பி. 1983-ல் எக்ஸாஸ்ட் வழியில் பவர் வால்வு வைத்த ஒய்பிவிஎஸ் வந்தது, 59. பெயரில் எல்லாமே ஆர்டி 350. ஆனால் இன்ஜினும் பிரேமும் வேறு. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளில் இவை மூன்றும் கலந்து கிடக்கின்றன. ரேடியேட்டர் இல்லாத வண்டிக்கு 59 எச்பி என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடலாம்.

கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு, 6.6 என்று பார்த்ததும், "என் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கே 9 இருக்கிறதே, இது சோதா இன்ஜின்" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானிய கம்பெனிகள் டூ ஸ்ட்ரோக்குக்கு இந்தக் கணக்கை எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் துளை) மூடிய பிறகே தொடங்குவார்கள். அதற்குமுன் பிஸ்டன் ஏறும் தூரம் கணக்கில் வராது. ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

சரி, வண்டி வாங்கியாயிற்று. பெரும்பாலான செலவு இதற்குப் பிறகு செய்யும் 'முன்னேற்றங்களால்' வருகிறது.

அதில் முதலிடம், தனி டேங்கிலிருந்து இன்ஜினுக்கு ஆயில் அனுப்பும் ஆட்டோலூப் பம்பைக் கழற்றுவதற்கு. "பம்பை நம்ப முடியாது, பெட்ரோலிலேயே ஆயில் கலந்துவிடு" என்பது பழைய பட்டறை அறிவுரை. ரேஸ் வண்டிக்கு அது சரி, அது பெரும்பாலும் முழு த்ராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரில்) ஓடுகிறது. சாலை வண்டிக்கு அப்படியில்லை. இந்தப் பம்ப் இன்ஜின் வேகத்தை ஒருபுறமும், த்ராட்டில் கேபிளை மறுபுறமும் பார்த்து ஆயில் அளவை மாற்றும். சிக்னலில் நிற்கும்போது குறைவாகவும், நெடுஞ்சாலையில் இழுக்கும்போது தாராளமாகவும் தரும். கலந்து ஓட்டினால் எல்லா நேரமும் ஒரே விகிதம்தான். ஊருக்குள் பிளக் கறுக்கும், சைலன்சரில் கரி சேரும். புகை வருகிறது என்று ஆயிலைக் குறைப்பீர்கள். அப்புறம் ஒருநாள் வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பம்பைக் கழற்றுவதற்குப் பதில் சரிபார்க்கலாம். த்ராட்டில் கேபிளைச் சரிசெய்தால் பம்ப் கேபிளையும் சரிசெய்ய வேண்டும், பம்ப் சக்கரத்தில் இருக்கும் குறி அதற்குத்தான். இதை மறந்துவிட்டுப் பம்ப்மேல் பழி போடுகிறார்கள். ஆயில் டேங்க் ஒருமுறை முழுதாகக் காலியானால், நிரப்பியவுடன் கிளம்பக் கூடாது. குழாயில் காற்று நிற்கும்; பம்பில் இருக்கும் சிறிய திருகைத் தளர்த்தி, குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை விட வேண்டும். அதுவரை பெட்ரோலில் கொஞ்சம் டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்துகொள்வது நல்லது.

அடுத்தது சைலன்சர். சத்தத்துக்காக உள்ளே இருக்கும் பேஃபிளை (சத்தத்தை அடக்கும் உட்குழாயை) பிடுங்கி எறிந்தால் பிக்அப் கூடும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் இன்ஜினின் ஒரு பாகம் மாதிரி. வெளியே போகும் அழுத்த அலை குழாயின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த வடிவத்தைக் கெடுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும். சைலன்சருக்குப் பதில் இந்த அலைக்கென்றே வடிவமைத்த நல்ல எக்ஸ்பான்ஷன் சேம்பர் போட்டாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்காமல் ஓட்டக் கூடாது. அதோடு ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டால், மெலிந்த, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த கலவையில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது நேரத்தைப் பொறுத்த விஷயம்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை முன்பைவிட மெலியும். இதற்கு முந்தைய பெட்ரோலில் பிளக் நிறம் பார்த்து டியூன் செய்த வண்டியை மறுபடி பார்க்க வேண்டும். பழைய ரப்பர் வாஷர், குழாய்களும் அதில் சீக்கிரம் ஊறிப்போகும்.

கலவை மெலிய இன்னொரு காரணம், கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல். இதைப் பார்க்காமல் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பது பணத்துக்குக் கேடு. இடதுபக்கம், பாயின்ட் (பிளக்கில் பொறி விழும் நேரத்தை முடிவு செய்யும் மின் தொடுமுனை) இருக்கும் பக்கத்துச் சீல் போனால் காற்று உள்ளே நுழையும். ஐடிலிங் தானாக ஏறி இறங்கும், த்ராட்டிலை மூடினாலும் வேகம் உடனே இறங்காது. வலதுபக்கம் கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகையாக வெளியேறும். கியர் ஆயில் காரணமில்லாமல் குறைந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கைக் காதால் கேட்டே வைக்கும் மெக்கானிக்கிடம் இந்த வண்டியை விடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பாயின்ட். பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. முன்பு பொறி விழும்படி இரண்டையும் தனியாக வைக்கச் சொல்கிறது யமஹா ஆர்டி 350-இன் கையேடு. பாயின்ட் இடைவெளி 0.30 முதல் 0.40 மி.மீ. ஒரு சிலிண்டர் சரியாக இருந்து இன்னொன்று முந்திக்கொண்டால், சூடாகி முதலில் பிடிப்பது அதுதான். ரீபோர் செய்யும்போதும் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்போதும்) ஒரு சிலிண்டரை மட்டும் செய்து மிச்சம் பிடிக்க வேண்டாம். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படியில் வருகிறது, இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. யமஹாவின் 1973 வண்டிக்கு முன்னால் டிஸ்க் இருந்தது. இங்கே டிரம்தான் வந்தது, அதுவும் இரண்டு ஷூவும் முன்னோக்கிப் பிடிக்கும் வகை. நன்றாகச் சரிசெய்தால் ஒருமுறை, இரண்டுமுறை நன்றாகவே பிடிக்கும். சூடானதும் மங்கிவிடும். இன்ஜின் பிரேக்கும் டூ ஸ்ட்ரோக்கில் பெரிதாக உதவாது. ஆனால் இங்கே பலரும் முதலில் செலவழிப்பது போர்ட் பெரிதாக்கத்தான். முன் ஷூக்களை இணைக்கும் கம்பியைச் சரியான நீளத்தில் வைக்காவிட்டால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். பாதி பிரேக்கோடு ஓடும் வண்டிகள் நிறைய. இதைச் சரிபார்க்க ஸ்பேனரும் அரைமணி நேரமும் போதும். இன்ஜினில் கைவைப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.