கிளாடியோலஸ் இரண்டாம் வருடமும் பூக்க: மண்ணைத் தயார் செய்யும் முறை

பெங்களூரில் கிளாடியோலஸ் வளர்ப்பது ரொம்பச் சுலபம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் வருடத்துக்காரர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராமமூர்த்தி நகர் வீட்டின் பின்பக்கம் 30 கிழங்கு நட்டேன், அத்தனையும் பூத்தன. அடுத்த வருடம் அதே இடம், அதே கிழங்குகள். இலை ஒரு முழம் வளர்வதற்குள் மஞ்சளாகி ஒரு பக்கமாக வளைந்து சாய்ந்தது. தோண்டிப் பார்த்தால் கிழங்கின் அடிப்பக்கம் பழுத்த புளி நிறத்தில், வேர் வரும் இடமே உளுத்துப்போயிருந்தது.

இது ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணத்தின் வேலை. கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒருமுறை மண்ணில் இறங்கினால் வருடக்கணக்கில் கிடக்கும். முதல் வருடம் ஏன் தெரியவில்லை? கடையில் வாங்கும் பெரிய கிழங்கு கட்டுச்சோற்றோடு வருகிறது. மண் எப்படியிருந்தாலும் ஒரு பூத்தண்டு கொடுத்துவிடும். ஆனால் செடி வளர வளர அந்தப் பழைய கிழங்கு சுருங்கி, அதன் தலைமேல் புதுக் கிழங்கு உட்காரும். அதை வளர்ப்பது உங்கள் மண். அடுத்த வருடப் பூவும் அதற்குள்தான் இருக்கிறது.

கீழே உள்ள அளவுகள் 4 அடி அகலம், 8 அடி நீளமுள்ள ஒரு பாத்திக்கு. சுமார் 60 கிழங்கு நடலாம்.

1. மண்ணைச் சோதியுங்கள்

பெங்களூர்ச் செம்மண் இந்தப் பூவுக்கு நல்ல மண். தண்ணீர் தேங்காது, லேசான அமிலத்தன்மையும் இருக்கும். பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) 6 முதல் 6.5 வரை இருந்தால் போதும். வம்பு என்னவென்றால், நம் வீட்டைச் சுற்றியிருப்பது பல சமயம் செம்மண்ணே இல்லை. எங்கள் தெருவில் தோட்ட வேலைக்கு வரும் கிருஷ்ணகிரிக்கார அண்ணன் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, “சார், வீடு கட்டும்போது கலவை போட்ட இடம்தானே இது?” என்றார். சரிதான். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டேன். சோடா மாதிரி நுரைத்தது. நுரைத்தால் சிமெண்டு, சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணில் இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் வெளிறியும் போகும்.

சிலர் கந்தகத் தூள் போடச் சொல்வார்கள். சுண்ணாம்புக் கட்டி கிடக்கும் மண்ணில் அது தீராத செலவு. ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு வேறு செம்மண் நிரப்புவது மேல்.

2. வெயிலில் வேகவிடுங்கள்

இதுதான் முக்கியமான படி, காசும் அதிகம் ஆகாது. ஏப்ரல் தொடக்கத்தில் பாத்தியை ஒரு அடி ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, சமப்படுத்தி, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈரம் இருந்தால்தான் சூடு கீழே இறங்கும். மறுநாள் மெல்லிய, கண்ணாடி போல் தெரியும் பாலிதீன் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைத்துவிடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். அது தானே சூடாகும், மண்ணுக்கு அவ்வளவாக விடாது.

டெல்லி வெயிலுக்கு 4 வாரம் போதும் என்பார்கள். நம் ஊருக்கு 6 வாரம் வையுங்கள். நடுவில் மாம்பழ மழை வந்து தாள்மேல் குளம் கட்டும், அவ்வப்போது வழித்துவிட வேண்டும். தாளை எடுத்தபின் ஆழமாகக் கொத்தாதீர்கள், வேகாத அடிமண் மேலே வந்துவிடும். தொட்டி வைத்திருப்பவர்கள் ஈரமண்ணைத் தெளிவான பாலிதீன் பையில் கட்டி மொட்டைமாடியில் போட்டால் சரி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாத்தியில் செண்டுமல்லி போடுங்கள். வேரில் முடிச்சு விழவைக்கும் நுண்ணிய நூற்புழுவை அது அடக்கும், வீட்டுக்குப் பூவும் ஆச்சு.

3. உரமும் நல்ல பூஞ்சாணமும்

நடுவதற்கு ஒரு மாதம் முன்பு, நன்றாக மக்கிய தொழு உரம் 15 கிலோ, வேப்பம் புண்ணாக்கு முக்கால் கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணத்தின் தூள் 150 கிராம் மூன்றையும் கலந்து, கையில் பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடுங்கள். 15 நாள் கழித்துத் திறந்தால் குவியல்மேல் பச்சைப்பூச்சு பூத்திருக்கும். அதுதான் நம் ஆள், ஃபியூசேரியத்துக்கு எதிரி. அதைப் பாத்தியின் மேல் அரையடியில் கலந்துவிடுங்கள்.

பச்சைச் சாணம் கூடவே கூடாது. என் இரண்டாம் வருட அழுகலில் அதற்கும் பங்கு உண்டு. மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) எலும்புத்தூள் 300 கிராம் போதும். சூப்பர் பாஸ்பேட்டைத் தவிருங்கள். அதிலுள்ள ஃபுளோரைடு கிளாடியோலஸுக்கு ஆகாது, இலை நுனி கருகும்.

4. கிழங்கைச் சுத்தம் செய்து நடுங்கள்

மேல்தோலை உரித்துப் பாருங்கள். பள்ளம் விழுந்த பழுப்புப் புள்ளி இருந்தால் இரக்கமில்லாமல் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மற்றவற்றை லிட்டருக்கு 2 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக் கொல்லி கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து நிழலில் உலர்த்தலாம். கையுறை அவசியம். ஆனால் இந்த மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். அதனால் இந்த வழியில் போனால், நட்டு 3 வாரம் கழித்து இன்னொரு முறை டிரைக்கோடெர்மா கலந்த உரம் போடுங்கள். மருந்தே வேண்டாம் என்பவர்கள் லிட்டருக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா கரைத்து அதில் நனைத்து நடலாம். நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அமர், அர்கா நவீன் போன்ற ரகங்கள் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

முளை மேலே பார்க்க, 10 செ.மீ. ஆழம், 20 செ.மீ. இடைவெளி. அக்டோபர் நடுவில் நட்டால் பல ரகங்கள் பொங்கலை ஒட்டிப் பூக்கும். பக்கத்தில் பீன்ஸும் வெள்ளரியும் வேண்டாம், வைரஸ் தாவும்.

5. நட்ட பிறகு

மூன்றாவது இலையிலும் ஆறாவது இலையிலும் கொஞ்சம் மண்புழு உரம், அவ்வளவுதான். தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிக் கொட்டினால் கிழங்கு சதைப்பிடித்து சீக்கிரம் அழுகும். பூத்தண்டை வெட்டும்போது செடியில் 4 இலையாவது விடுங்கள், கிழங்குக்குச் சோறு அங்கிருந்துதான் வரும்.

பூத்து 6 முதல் 8 வாரத்தில் இலை மஞ்சளாகும். தண்ணீரை நிறுத்திவிட்டுத் தோண்டுங்கள். புதுக் கிழங்குக்கு அடியில் பழையது வறட்டி போல் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று வாரம் நிழலில் உலர்ந்தபின் கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று கழன்று வரும். வரவில்லையென்றால் இன்னும் காயவில்லை. வெங்காய வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். கிழங்கு சுமார் 3 மாதம் தூங்கும், அதற்குமுன் எழுப்பாதீர்கள்.

அடியில் பட்டாணி அளவில் குட்டிக் கிழங்குகள் கொத்தாக இருக்கும். அவற்றைத் தனித் தொட்டியில் போடுங்கள், பூக்க இரண்டு மூன்று பருவம் ஆகும். பெரிய கிழங்குகளுக்கு அடுத்த முறை வேறு பாத்தி. பழைய பாத்திக்குத் திரும்ப 3 வருடமாவது போகட்டும். நான் பின்சுவரில் கரித்துண்டால் பாத்தி எண்ணையும் வருடத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டு ஓனர் இன்னும் கவனிக்கவில்லை.