நாள் எப்போது பிறக்கிறது? கிழமை, தேதி, திதிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினசரி காலண்டரின் ஒரே தாளில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறும். பஞ்சாங்கக் கிழமை சூரியன் உதிக்கும்போதுதான் மாறும். திதி, அதாவது வளர்பிறை தேய்பிறையை வைத்து எண்ணும் சந்திர நாள், இந்த இரண்டையும் சட்டை செய்யாது. பகலோ இரவோ, தன் நேரத்துக்கு மாறும்.

படுத்து எழுந்தால்தான் மறுநாள் என்பது நம் பழக்கம். டிக்கெட் எடுக்கும்போது அதுவே காலை வாரிவிடும். 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 00.15 வண்டியில் ஏற வேண்டுமானால் டிக்கெட்டில் 15 என்று இருக்க வேண்டும். 14 என்று எடுத்திருந்தால், நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகும்போது உங்கள் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

அதிகம் பேர் தவறுவது ராகு காலத்தில். திங்கள் 7.30–9 என்ற அட்டவணை, 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்டது. மூலக் கணக்கு வேறு: உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்தால் திங்களுக்கு 2ஆம் பங்கு, சனிக்கு 3, வெள்ளிக்கு 4, புதனுக்கு 5, வியாழனுக்கு 6, செவ்வாய்க்கு 7, ஞாயிறுக்கு 8. பங்கின் நீளம் பகலோடு சேர்ந்து நீளும், சுருங்கும். சென்னையில் டிசம்பர் கடைசியில் உதயம் சுமார் 6.25, பகல் 11 மணி 22 நிமிடம். ஒரு பங்கு 85 நிமிடம். எனவே திங்கள் ராகு காலம் 7.50 முதல் 9.15 வரை. ஒன்பது அடித்ததும் 'முடிந்தது' என்று கிளம்புகிறவர் அதற்குள்ளேயேதான் கிளம்புகிறார்! லண்டனில் ஜூன் 21 வாக்கில் உதயம் 4.43, அஸ்தமனம் இரவு 9.21, ஒரு பங்கே ஏறத்தாழ 125 நிமிடம். அங்கே ஞாயிறு ராகு காலம் இரவு 7.16க்குத்தான் தொடங்கும். ஊர்க் காலண்டரைப் பார்த்து 4.30–6 ஒதுக்குவதில் பொருளில்லை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பார்ப்பதென்றால் அந்த ஊர் உதயத்தை வைத்துப் பாருங்கள்.

பிறந்த நேரத்தில் இரண்டு தவறுகள் நடக்கும். திங்கள் அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கப்படி ஞாயிற்றுக்கிழமை. பழைய ஜாதகங்களில் 'ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள்' என்று எழுதுவது இதற்காகத்தான். ஆனால் கணினியில் ஜாதகம் போடும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியையே கொடுங்கள். ஒரு நாள் பின்னால் தள்ளிக் கொடுத்தால் நட்சத்திரமே மாறிவிடலாம். அடுத்தது நாழிகை, அதாவது 24 நிமிடம். உதயத்திலிருந்து கழிந்த நிமிடங்களை 24ஆல் வகுக்க வேண்டும். உதயம் 6.34, பிறப்பு 10.10 என்றால் 216 நிமிடம், 9 நாழிகை. 6 மணியிலிருந்து எண்ணினால் 10 நாழிகை 25 விநாழிகை (நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு) வரும். லக்னம், அதாவது பிறக்கும்போது கிழக்கில் உதிக்கும் ராசி, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவதால் இந்த 34 நிமிடம் சின்ன விஷயமல்ல.

திவசத்துக்கு இறந்த ஆங்கிலத் தேதி உதவாது. மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி வேண்டும். ஒரு திதி ஏறத்தாழ 20 முதல் 27 மணி நேரம் வரை நீளும் என்பதால் இரண்டு நாள்களில் கால் வைத்திருக்கும். விரதங்கள் பலவற்றுக்கு உதயத்தில் உள்ள திதியைப் பார்ப்பார்கள். திவசத்துக்குப் பார்ப்பது அபராண்ணம், அதாவது பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காம் பங்கு: 12 மணி நேரப் பகலில் 1.12 முதல் 3.36 வரை. காலண்டரில் 'காலை 9.40 வரை தசமி' என்று இருந்தால், தசமி திவசம் பெரும்பாலும் முந்தின நாளில் வரும். இறந்த தேதியோடு மணியையும் குறித்து வையுங்கள். மணி தெரியாவிட்டால் திதி மாறிய நாளில் எந்தத் திதி என்று சொல்ல முடியாது.