ரப்பரை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போங்கள்: புவியியல் துறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலைப் பள்ளிப் புவியியல் துறைக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களோடு களப்பயணம் போவதும், அவர்கள் நடத்தும் மாணவர் புவியியல் மன்றக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதும் என் வேலையின் ஒரு பகுதி. யாரிடமும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தோமோ, அங்கெல்லாம்தான் இவர்களும் விழுகிறார்கள். தொப்பி கொண்டு போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

செய்திமடலில் முகங்கள் மட்டும்

"மாணவர்கள் ஆற்றங்கரைக்குக் களப்பயணம் சென்றனர். பயணம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது." கீழே ஒரு குழுப் படம். துறையின் செய்திமடலிலும் சுவர்ப் பலகையிலும் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கிறது. என்ன கேள்வியோடு போனார்கள், எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது என்பதைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது. அடுத்த ஆண்டு அதே ஆற்றுக்குப் போகும் வகுப்பு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

குழுப் படம் இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அதில் சந்தோஷம். அதோடு ஒரு சிறிய அட்டவணை, ஒரு வரைபடம், விடை கிடைக்காத ஒரு கேள்வி, இந்த மூன்றையும் சேருங்கள். போன தேதியையும் அதற்கு முந்தைய நாட்களில் மழை பெய்ததா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். மழைக்கு அடுத்த நாள் அளந்த ஆற்றையும் வறண்ட மாதத்தில் அளந்த ஆற்றையும் பின்னால் யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்த விவரம் இல்லையென்றால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

சுவரோரத்தில் மழைமானி

கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் வசதி என்று கட்டிடத்தை ஒட்டியே வைத்துவிடுகிறார்கள். ஒரு பக்கக் காற்றில் சாய்ந்து வரும் மழையைச் சுவர் மறைத்துவிடும், எதிர்ப் பக்கக் காற்றில் கூரைத் தண்ணீர் தெறித்து உள்ளே விழும். பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். 6 மீட்டர் கட்டிடம் என்றால் 12 மீட்டர். சிமென்ட் தரையில் வைக்காதீர்கள், துளிகள் எகிறி உள்ளே விழும். புல்தரைதான் சரி.

வெப்பமானிகள் இருக்கும் ஸ்டீவன்சன் பெட்டிக்கும் இப்படி விதிகள் உண்டு. வெள்ளைப் பூச்சு, காற்றுப் புகும் பலகைச் சட்டங்கள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம். கதவைத் திறக்கும்போது வெயில் உள்ளே விழக் கூடாது என்பதால், வட அரைக்கோளத்தில் கதவு வடக்கு பார்த்தும் தென் அரைக்கோளத்தில் தெற்கு பார்த்தும் இருக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வார இறுதியில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமை காலை வாசிப்புக்குப் பிறகு பெய்த மழை எல்லாம் திங்கள்கிழமைக் கணக்கில் ஏறிவிடுகிறது. மாத முடிவில் வரைபடத்தில் திங்கள்கிழமைகள் மட்டும் ஓங்கி நிற்கும். ஒரு மாணவர் அதைப் பார்த்து, வாரத்தின் முதல் நாளில்தான் மழை அதிகம் என்று முடிவே எழுதியிருந்தார். அவர் மேல் தவறில்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "மூன்று நாள் சேர்ந்த அளவு" என்று எழுதச் சொல்லிக் கொடுப்பது நம் வேலை.

பெரிதாக்கிய நகலில் பழைய அளவை

1:50,000 அளவைப் படத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும் என்று ஏ4 தாளை ஏ3 தாளுக்குப் பெரிதாக்கி நகல் எடுக்கிறீர்கள். இப்போது 1 கி.மீ. தூரம் ஏறத்தாழ 2.8 செ.மீ. ஆகிவிட்டது. படம் 1:35,000 அளவைக்கு வந்துவிட்டது, ஆனால் கீழே அச்சாகியிருக்கும் எண் மட்டும் மாறவில்லை. அந்தத் தாளில் 8 செ.மீ. அளந்து 4 கி.மீ. என்று எழுதுகிற மாணவருக்கு உண்மையான தூரம் 3 கி.மீ. கூட இல்லை என்று எப்படித் தெரியும்? தூரத்தைக் கோடாக வரைந்து காட்டும் கோட்டு அளவை உள்ள பகுதியையும் சேர்த்தே நகல் எடுங்கள். படத்தோடு சேர்ந்து அதுவும் நீளும்.

பாடநூலோடு ஒத்துவராத எண்ணை அழிப்பது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மேலே சொன்னவற்றை அடுத்த வாரமே திருத்திவிடலாம். இதுவோ ஒரு முழுக் களப்பயணத்தையே வீணடித்துவிடும், போனதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

புதிய ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பைச் சிற்றாறு ஒன்றுக்கு அழைத்து வந்திருந்தார். மேலிருந்து கீழாக நான்கு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆற்றின் அகலம், ஆழம், நீரோட்ட வேகம், அப்புறம் படுகைக் கற்களின் அளவும் வடிவமும். கீழே போகப் போகக் கற்கள் சிறுத்து உருண்டையாகும் என்பது பாடம். முதல் இரண்டு இடங்களிலும் அப்படியே வந்தது. மூன்றாவது இடத்தில் கற்கள் பெரிதாகவும் கூர்முனையோடும் வந்தன. அளந்துகொண்டிருந்த மாணவி தாளை நீட்டி, "சார், தப்பா வருது" என்றாள். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "கல்லைச் சரியா எடுக்கலை, இன்னொரு தடவை எடும்மா" என்றார்.

அவள் மறுபடி குனிந்தாள். விரலில் முதலில் பட்ட கல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த வழுவழுப்பான கல்லை எடுத்தாள். அடுத்த கல்லும் அப்படித்தான். பழைய எண்களை ரப்பரால் அழித்துவிட்டுப் புதியவற்றை எழுதினாள். மாலையில் வரைந்த கோடு ஒரு பிசிறு இல்லாமல் கீழே இறங்கியது. ஆறு கற்களை உருட்டித் தேய்ப்பதை மாணவர்கள் நிரூபித்துவிட்டதாகச் செய்திமடலிலும் வந்துவிட்டது.

அந்த மூன்றாவது இடத்துக்குச் சற்று மேலே, இடது கரைப் புதருக்குப் பின்னால், ஓர் ஓடை வந்து சேர்கிறது. சின்ன ஓடைதான், ஆனால் செங்குத்தான சரிவிலிருந்து இறங்கி வருவது. வெள்ளம் வரும்போதெல்லாம் புதுக் கற்களைக் கொண்டுவந்து கொட்டும். அதிக தூரம் உருளாத கற்கள் கூர்முனையோடுதானே இருக்கும்? அந்தப் பெண் முதலில் எழுதிய எண்கள் அந்த ஓடையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. துணையாறு சேரும் இடத்தில் படுகை மாறும் என்பதை எந்தப் பக்கத்தையும் படிக்காமல் தன் கையால் கண்டுபிடித்திருந்தாள். அன்றைய பயணத்தின் ஆகப்பெரிய கண்டுபிடிப்பு அது. அதைத்தான் அழித்தார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? பேருந்து காத்திருக்கிறது, அறிக்கைக்கு மதிப்பெண் உண்டு என்பதெல்லாம் இருக்கட்டும். இடங்கள் நான்கே என்பதும் ஒரு காரணம். நான்கு புள்ளிகளில் ஒன்று விலகினாலே கோடு கவிழ்ந்துவிடும், உடனே கை ரப்பரைத் தேடும். எட்டோ பத்தோ இடங்கள் இருந்தால் ஒரு புள்ளி விலகி நின்றாலும் போக்கு தெரியும், விலகிய புள்ளி ஏன் விலகியது என்று கேட்கவும் மனம் வரும். எல்லாவற்றுக்கும் மேல், பாடநூல் சொல்வது சரி என்று காட்டத்தான் களத்துக்குப் போகிறோம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பாடநூல் சொல்வது பொதுவான போக்கு. நாம் நிற்பது ஒரு குறிப்பிட்ட ஆற்றில். அங்கே பாலத்தூண் இருக்கும், தடுப்பணை இருக்கும், கரையில் கொட்டிய கட்டிட இடிபாடு இருக்கும்.

மலையோடை சீறிப் பாயும், சமவெளி ஆறு மெல்ல நகரும் என்றுதான் நீண்ட காலம் எல்லாரும் நம்பினார்கள். கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் லூனா லியோபோல்டு, ஆறுகளில் அளந்து வைத்திருந்த எண்களை வரிசைப்படுத்திப் பார்த்து, கீழே போகப் போகச் சராசரி வேகம் குறையவில்லை, பெரும்பாலும் சற்றுக் கூடவே செய்கிறது என்று 1953இல் காட்டினார். கீழ்ப்பகுதியில் சரிவு குறைந்தாலும் ஆழம் கூடுகிறது, படுகையின் உராய்வு குறைகிறது. மேலே பாறைகளில் மோதி நுரைப்பதில் நீரின் ஆற்றல் பெரும்பகுதி போய்விடுகிறது. அளந்தவர்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராத எண்களை அழித்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லலாம். அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் குறைவதை, அங்கே இருக்கும் ஹாலி ஆய்வு நிலையத்தின் தரையளவீடுகளை வைத்து 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தக் காலத்து நாசா செயற்கைக்கோள் தரவில், மிகக் குறைவான மதிப்புகள் சந்தேகத்துக்குரியவை என்று குறியிடப்பட்டிருந்தன. குறிதான் இட்டார்கள், அழிக்கவில்லை. அதனால்தான் திரும்ப எடுத்துப் பார்த்து உறுதிசெய்ய முடிந்தது.

சரி, என்ன செய்வது? களத்தில் பென்சில் இருக்கட்டும், தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாது. ரப்பர் மட்டும் கூடாது. தவறு என்று தோன்றும் எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, உள்ளே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் காரணம். வேகம் பார்க்க விட்ட மிதவை புல்லில் சிக்கியது, டேப் தொய்ந்தது என்பவை காரணங்கள். "பாடத்தில் வேறு மாதிரி இருக்கிறது" என்பது காரணமே அல்ல. மறுபடி அளந்தால் இரண்டு வரிசையும் தாளில் இருக்க வேண்டும். "சுற்றிலும் கண்டது" என்று தாளில் ஒரு காலி இடம் விடுங்கள்.

கல் எடுப்பதைக் கண்ணிடம் விடாதீர்கள். அமெரிக்க ஆற்று ஆய்வாளர் கோர்டன் வோல்மன் 1954இல் சொன்ன முறை இன்றும் நல்ல முறை: ஓர் அடி எடுத்து வை, வேறு பக்கம் பார், காலணி முனையில் விரலை இறக்கு, முதலில் படும் கல்லை எடு. இப்படி 100 கற்கள். கல்லின் நீளமான பக்கத்தை அளக்காமல், நடு அச்சை, அதாவது நீளத்துக்கும் தடிமனுக்கும் இடைப்பட்ட அகலத்தை அளக்க வேண்டும். ஒரு குழு நீளத்தையும் இன்னொரு குழு நடு அச்சையும் அளந்து கலந்துவிட்டால் அதைப் பிரிக்க வழியே இல்லை. வேகத்துக்கும் அப்படித்தான். எல்லாக் குழுவுக்கும் ஒரே 10 மீட்டர், ஒரே வகை மிதவை, மூன்று முறை அளந்து சராசரி. 10 மீட்டரைக் கடக்க 25 விநாடி என்றால் மேற்பரப்பில் விநாடிக்கு 0.4 மீட்டர். அதை 0.85ஆல் பெருக்கினால்தான் மொத்த நீரோட்டத்தின் சராசரி வேகம் ஏறத்தாழக் கிடைக்கும்.

அப்புறம், ஒரு பிள்ளை "தப்பா வருது" என்று வந்தால், "கொஞ்சம் மேலே நடந்து போய் என்ன இருக்குன்னு பார்த்துட்டு வா" என்று அனுப்புங்கள். பேருந்து பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.

கைபேசி ஜிபிஎஸ்ஸால் ஆற்றின் அகலத்தை அளப்பது

கூடாது. திறந்தவெளியிலேயே 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். டேப் எடுங்கள்.

இரும்புப் பாலத்தில் நின்று திசை பார்ப்பது

இரும்பு திசைகாட்டி முள்ளைத் திருப்பிவிடும். இறங்கி வந்து பாருங்கள்.

ஆற்றின் மேற்பகுதியில் மழை, இங்கே வெயில்

ஆற்றில் இறங்கவே கூடாது. இதில் பேச ஒன்றுமில்லை.

மன்றம் என்றால் தலைநகர் வினாடி வினா

தலைநகரும் கொடியும் மனப்பாடமாக இருப்பதில் தப்பில்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டால் புவியியல் இன்னும் தொடங்கவே இல்லை. பிரேசிலின் தலைநகர் எது என்று கேட்டால் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கடற்கரையில் இருந்த ரியோ டி ஜெனிரோவை விட்டு 1960இல் உள்நாட்டுப் பிரசிலியாவுக்கு ஏன் மாறினார்கள் என்று கேளுங்கள். நைஜீரியா 1991இல் லாகோஸிலிருந்து அபுஜாவுக்கு மாறியதையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு புது நகரங்களும் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்தவுடன் பின்வரிசைப் பிள்ளைகளும் பேச ஆரம்பிப்பார்கள்.

மெர்கேட்டர் படத்தை மட்டும் மாட்டி வைப்பது

மெர்கேட்டர் 1569இல் மாலுமிகளுக்காக வரைந்த உலகப் படம் அது. திசைமாறாத பாதை அதில் நேர்க்கோடாக வரும், அதற்கு அது அருமையான படம். ஆனால் அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. பக்கத்தில் ஓர் உலக உருண்டையை வையுங்கள்.

தாள்களை அன்றைக்கே சேர்க்காமல் விடுவது

பேருந்தில் ஏறும் முன் ஒவ்வொரு குழுவும் தன் தாளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இடத்தின் எண், நேரம், அலகு மூன்றும் இருக்கின்றனவா என்று மற்ற குழுக்கள் கேட்க வேண்டும். வெறுமனே "0.4" என்று இருந்தால் அது மீட்டரா, விநாடிக்கு மீட்டரா என்று திங்கள்கிழமை யாருக்கும் நினைவிருக்காது. பிறகு அந்தத் தாள்களை அப்படியே, அடித்த கோடுகளோடும் சேற்றுக் கறையோடும், துறைக் கோப்பில் வையுங்கள். சுத்தமாக எடுத்தெழுதிய அட்டவணை மட்டும் மிஞ்சினால், களத்தில் முதலில் எழுதிய எண் எது என்று அடுத்த ஆண்டு வரும் ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியாது.