இங்கிலாந்து ஸ்பௌஸ் விசா: 29,000 பவுண்டு வருமானத்தைக் காட்டுவது எப்படி?

"பொண்ணு அங்கே நர்ஸ், சிட்டிசன்ஷிப்பும் வாங்கிட்டா. மாப்பிள்ளையைக் கூப்பிட எவ்வளவு சம்பளம் காட்டணும்?" பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் இந்தக் கேள்வி இப்போது சகஜம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த விசா என்று பாருங்கள்

அங்கே இருப்பவர் பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ பெற்றவர் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்கு. அவரே வேலை விசாவில் இருந்தால் நீங்கள் போடவேண்டியது டிபெண்டன்ட் விசா. அதற்கு விதிகள் வேறு, இந்த 29,000 அங்கே கிடையாது.

2. தொகையும், யாருடைய சம்பளம் என்பதும்

2012 முதல் 18,600 பவுண்டாக இருந்தது, 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000. வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை இது. புதிதாக விண்ணப்பிக்கும்போது பிள்ளைகளுக்கென்று தனியாகக் கூட்ட வேண்டாம். அங்கே இருப்பவரின் சம்பளம்தான் செல்லும். இங்கிருந்து போகிறவர் கூடங்குளத்தில் கை நிறையச் சம்பளம் வாங்கினாலும் அது சேராது. மாமனாரின் வருமானமும் அப்படித்தான்.

3. ஆறு மாதச் சம்பளம்

ஒரே இடத்தில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருந்தால் வேலை சுலபம். ஆனால் இதைக் கவனியுங்கள். நான்கு மாதம் 2,400 பவுண்டு, ஐந்தாவது மாதத்திலிருந்து 2,500 என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் பெருக்கினால் 30,000, தாண்டிவிட்டோம் என்று தோன்றும். மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஆறு மாதத்தில் எது குறைந்த சம்பளமோ அதைத்தான் எடுப்பார்கள். 2,400 × 12 = 28,800. இருநூறு பவுண்டில் போய்விடும். இன்னும் நான்கு மாதம் பொறுத்தால் ஆறு பே ஸ்லிப்பும் (சம்பளச் சீட்டு) 2,500 ஆகிவிடும். பொறுப்பதே மேல். மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்குச் சராசரி பார்ப்பார்கள்.

வேலை மாறி ஆறு மாதம் ஆகவில்லையா? இப்போதைய சம்பளமும் 29,000 இருக்க வேண்டும், கடந்த பன்னிரண்டு மாதத்தில் வாங்கிய, வரிக்கு முந்தைய மொத்த வருமானமும் அதைத் தொட வேண்டும்.

4. மூன்று தாளும் ஒரே கதை சொல்ல வேண்டும்

ஆறு மாத பே ஸ்லிப், அதே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், நிறுவனத்தின் கடிதம். கடிதத்தில் ஆண்டுச் சம்பளம், எப்போதிலிருந்து வேலை, அந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தரமா ஒப்பந்தமா என்ற நான்கும் வேண்டும். அப்புறம் ஸ்லிப்பின் அடியில் உள்ள பிடித்தம் போன தொகையைப் பென்சிலால் வட்டமிட்டு, ஸ்டேட்மென்டில் அதே தொகை கடைசி பென்ஸ் (அந்த ஊர்ப் பைசா) வரை வரவாகியிருக்கிறதா என்று மாதம் மாதமாகப் பாருங்கள். ஒரு மாதம் பிசகினாலும் அதற்கான விளக்கத்தை நிறுவனத்திடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

5. குறைந்தால்: சேமிப்பும் வயலும்

நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சேமிப்பில் முதல் 16,000 பவுண்டு கணக்கில் வராது. அதற்கு மேல், குறைகிற தொகையைப் போல் இரண்டரை மடங்கு வேண்டும். சம்பளம் 25,000 என்றால் குறைவு 4,000. சேமிப்பு 26,000 இருக்க வேண்டும். சம்பளமே இல்லையென்றால் 88,500. கணவன் மனைவி பெயரில், நினைத்தபோது எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், ஆறு மாதம் அந்தத் தொகைக்குக் கீழே இறங்காமல் கிடக்க வேண்டும். இந்திய வங்கியில் இருந்தாலே போதும், அங்கே அனுப்ப வேண்டியதில்லை. அப்பா அன்பளிப்பாகக் கொடுத்தது செல்லும். நகையை அடகு வைத்துப் போட்டது கடன், செல்லாது.

ஆற்றுப் பாசனத்தில் இரண்டு கோட்டை விதைப்பாடு (நெல்லைப் பக்கத்து நில அளவு) வயல், கார், பிசானம் என்று இரண்டு போகமும் விளைகிறது. சரி, அதன் மதிப்பைக் காட்டலாமா? கூடாது. விற்றுப் பணமாக்கினால்தான். தம்பதியர் பெயரில் இருந்த நிலத்தை விற்றிருந்தால் பணம் ஆறு மாதம் கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. நிலம் அவர்களிடம் இருந்த காலத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். அப்பா பெயரில் இருந்த வயல் என்றால் பணம் உங்கள் கணக்குக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் எண்ண வேண்டும்.

வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியைக் கையில் வாங்குகிற பழக்கம் இங்கே கழுத்தை அறுக்கும். பத்திரத்தில் 20 லட்சம், வங்கியில் 45 லட்சம் என்றால் மிச்சம் 25 லட்சத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? முழு விலைக்கும் பத்திரம் போடுங்கள், வங்கி வழியாகவே வாங்குங்கள்.

வீட்டு வாடகையும் சேரும். வீடு உங்கள் இருவரில் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும், வாடகை ஓராண்டாக வங்கியில் விழுந்திருக்க வேண்டும்.

6. அனுப்பும் முன்

தமிழில் உள்ள பத்திரம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் போட்டு வாங்குங்கள். கடைசி ஸ்லிப், கடைசி ஸ்டேட்மென்ட் இரண்டும் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். அதனால் பழைய தாள்களை முதலில் சேர்த்து, இந்த இரண்டையும் கடைசியாக வாங்கி, அந்த வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். கைரேகைக்குச் சென்னை போக நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவது அதற்கு அப்புறம்.